எண் மாறும் நெடுஞ்சாலைகள்: கலிபோர்னியாவின் வரலாறு

மாநில நெடுஞ்சாலை என்பது ஒரு மாநில அரசு தன் செலவில் அமைத்து, பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட சாலை ஆகும். அதற்கு இடப்படும் எண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பயணிகளுக்கு அது வழி காட்டுகிறது. அரசின் ஏடுகளிலோ, இந்தச் சாலைக்கு யார் பொறுப்பு, எந்த நிதியிலிருந்து செலவு செய்ய வேண்டும் என்பதைப் பதிவு செய்கிறது. பயணிகளுக்கு எண் மாறாமல் இருப்பது நல்லது. ஆனால் பொறுப்பு ஓர் அமைப்பிடமிருந்து இன்னோர் அமைப்புக்குச் செல்லும்போது எண்ணும் மாறுகிறது. சில வேளைகளில் சாலையின் நீளமும் குறைகிறது. ஒரு கல்லும் இடம்பெயராமலேயே 'சாலை சுருங்கியது' என்று ஏட்டில் எழுதப்படுவது இதனால்தான்.

இம்மாற்றங்கள் எல்லா நாடுகளிலும் நடப்பவை. அவற்றின் காரணங்களை ஏறக்குறைய முழுமையாகக் காண உதவும் இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கு 1964-ஆம் ஆண்டு மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் எண் மாற்றம் செய்யப்பட்டது.

எண் இருந்தும் பலகை இல்லாத காலம்

கலிபோர்னியா சட்டமன்றம் 1909-இல் மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தை இயற்றியது. 1 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை வெளியிட்டுச் சாலைகள் அமைப்பது அதன் திட்டம். 1910-இல் வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் அளித்தனர். இவ்வாறு அமைந்த சாலைகளுக்குச் சட்டமன்றம் எண்களை இட்டது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஓரிகன் எல்லை வரை சென்றது தடம் 1. தெற்கே சான் டியேகோ வரை சென்றது தடம் 2. சாக்ரமெண்டோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றது தடம் 4.

இந்த எண்கள் கணக்கு எழுதுவோருக்கும் பொறியாளர்களுக்கும் மட்டுமே தெரிந்தவை. சாலையோரப் பலகைகளில் அவை எழுதப்படவில்லை. அக்காலத்தில் வழிகாட்டிப் பலகைகளை நட்டவை பெரும்பாலும் கார் உரிமையாளர் சங்கங்களே.

1926-இல் நாடு முழுவதற்குமான யு.எஸ். நெடுஞ்சாலை எண்கள் வந்தன. வடக்கு தெற்காகச் செல்லும் சாலைகளுக்கு ஒற்றை எண். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டை எண். ஒற்றை எண்கள் கிழக்குக் கரையில் தொடங்கி மேற்கு நோக்கி உயர்ந்தன. இரட்டை எண்கள் வடக்கில் தொடங்கித் தெற்கு நோக்கி உயர்ந்தன. தென்மேற்கு மூலையில் உள்ள கலிபோர்னியாவுக்கு ஆகையால் 60, 66, 70, 80, 99, 101 போன்ற பெரிய எண்கள் கிடைத்தன.

1934-இல் மாநிலம் தன் சொந்தச் சாலைகளுக்கும் பலகை எண்களை இட்டது. இதற்கு ஓர் எளிய கணக்கு இருந்தது. எண்ணை நான்கால் வகுத்து மீதி 0 அல்லது 1 வந்தால் அது வட பகுதிச் சாலை. மீதி 2 அல்லது 3 வந்தால் தென் பகுதிச் சாலை. 12, 16, 17, 20 ஆகியவை வடக்கிலும் 2, 7, 18, 22 ஆகியவை தெற்கிலும் அமைந்தன. பலகையைப் பார்த்தே மாநிலத்தின் எப்பகுதியில் இருக்கிறோம் என்று அறிய முடிந்தது.

ஆயினும் சட்டமன்றத்தின் பழைய எண்கள் ஒழிக்கப்படவில்லை. அவை தனியே ஏட்டில் தொடர்ந்தன. பயணிகள் யு.எஸ். 101 என்று அழைத்த சாலை, ஏட்டில் வடக்கே தடம் 1, தெற்கே தடம் 2. ஒரே சாலைத் துண்டின் மேல் மூன்று நான்கு பலகை எண்கள் சேர்ந்து சென்ற இடங்களும் இருந்தன. முப்பது ஆண்டுகள் இந்த இரட்டைக் கணக்கு நீடித்தது.

1964-ஆம் ஆண்டின் எண் மாற்றம்

1956-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், மாநிலங்களிடை விரைவு நெடுஞ்சாலைகளுக்கு வழி திறந்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசு ஏற்றது. புதிய சாலைகளுக்குப் பழைய யு.எஸ். எண்களுடன் குழப்பம் வராதிருக்க, வரிசை தலைகீழாக்கப்பட்டது. இம்முறை சிறிய எண்கள் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கின. எனவே கலிபோர்னியாவுக்கு 5, 8, 10, 15 ஆகிய எண்கள் வந்தன.

இங்குதான் சிக்கல் எழுந்தது. இந்த எண்கள் அனைத்தும் மாநிலச் சாலைகளுக்கு முன்பே இடப்பட்டிருந்தன. ஒரு மாநிலத்தில் இரண்டு சாலைகளுக்கு ஒரே எண் இருந்தால் வழிப்போக்கரும் குழம்புவர். விபத்து நடந்த இடத்துக்குச் செல்ல வேண்டிய காவலரும் குழம்புவர். ஆகவே சிறிய சாலை பெரிய சாலைக்கு எண்ணை விட்டுக்கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மலை முகட்டில் செல்லும் மாநிலச் சாலை 5, 35 ஆயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் மாநிலச் சாலை 15, 7 ஆயிற்று; அது 1984-இல் மாநிலங்களிடைச் சாலையாக உயர்ந்தபோது 710 ஆயிற்று.

1963-இல் சட்டமன்றம் இதற்கெல்லாம் ஒரே தீர்வைக் கண்டது. செனட்டர் ராண்டால்ஃப் கோலியர் முன்னின்ற இந்தச் சட்டம் 1964 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை விதி: ஒரு சாலைத் துண்டுக்கு ஓர் எண் மட்டுமே, ஏட்டில் உள்ள எண்ணே பலகையிலும் இருக்க வேண்டும். பழைய தட எண்கள் ஒழிந்தன. பல எண்கள் சேர்ந்து சென்ற இடங்களில் ஒன்று நின்றது; மற்றவை நீங்கின. ஒரே மாநிலத்துக்குள் அடங்கி 300 மைலுக்குக் குறைவாக உள்ள சாலைக்கு யு.எஸ். எண் தேவையில்லை என்பது நாடளவில் இருந்த கொள்கை. அதன்படி யு.எஸ். 299, மாநிலச் சாலை 299 ஆனது. எண் அதுவே, பலகையின் வடிவம் மட்டும் மாறியது.

குறுகிய பெருஞ்சாலைகள்

யு.எஸ். 66 சிகாகோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தது; பின்னர் சாண்டா மோனிக்கா வரை நீண்டது. 1926-இல் அதன் நீளம் ஏறத்தாழ 2,448 மைல் (3,940 கி.மீ.). 1930-களின் வறட்சியில் நிலம் இழந்த உழவர் குடும்பங்கள் மேற்கே வந்த வழி இதுவே.

1964-இல் அதன் மேற்கு முனை பசடேனா நகருக்குப் பின்வாங்கியது. பிறகு அரிசோனா எல்லைக்குப் பின்வாங்கியது. 1985 ஜூன் 27 அன்று யு.எஸ். 66 என்னும் எண்ணே நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சாலை அழியவில்லை. அதன் துண்டுகள் மாநிலங்களிடை 40, மாநிலங்களிடை 15, மாநிலச் சாலை 66, மாநிலச் சாலை 2 என வெவ்வேறு எண்களுக்குள் கரைந்தன; பாலைவனத்தில் உள்ள நெடுந்துண்டு உள்ளூர்ச் சாலையாக நின்றது.

இந்தக் குறுக்கத்தின் விலையைச் செலுத்தியவை சிற்றூர்கள். மொகாவி பாலைவனத்தில் உள்ள அம்பாய் என்னும் ஊர், 66-இல் செல்வோருக்கு எரிபொருளும் உணவும் அறையும் விற்று வாழ்ந்தது. 1973-இல் மாநிலங்களிடை 40 வடக்கே சில மைல் தள்ளித் திறக்கப்பட்டதும் வண்டிகள் அவ்வழியே சென்றன. கடைகள் மூடப்பட்டன, மக்கள் வெளியேறினர். பாலைவனத்து நெடுஞ்சாலை ஊர்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது.

யு.எஸ். 99 மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை மூன்று மாநிலங்களைக் கடந்தது. அதன் பெரும்பகுதியை மாநிலங்களிடை 5 எடுத்துக்கொண்டதால், 1972-க்குள் யு.எஸ். 99 மறைந்தது. ஆனால் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் கதை வேறு. புதிய 5, ஊர்கள் குறைந்த மேற்கு ஓரமாகச் சென்றது. பேக்கர்ஸ்ஃபீல்டு, ஃபிரெஸ்னோ, மொடெஸ்டோ போன்ற நகரங்கள் பழைய சாலையிலேயே இருந்தன. அந்நகரங்களை இணைக்கும் சாலை தேவைப்பட்டது. மக்களுக்கு அதன் எண்ணும் பழகியிருந்தது. ஆகவே அது மாநிலச் சாலை 99 என்ற பெயரில் ஏறக்குறைய 425 மைல் (சுமார் 680 கி.மீ.) நீளத்துக்கு இன்றும் உள்ளது.

யு.எஸ். 101-உம் குறுகியது. சான் டியேகோ வரை சென்ற அச்சாலை 1964-க்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே நின்றுவிட்டது. தெற்கே இருந்த பகுதியின் வேலையை 5 ஏற்றது. ஓஷன்சைடு, கார்ல்ஸ்பாட், என்சினிடாஸ் ஆகிய கடற்கரை ஊர்களில் பழைய சாலைக்கு இப்போது 'வரலாற்று 101' என்ற பலகைகள் உள்ளன.

எண் சாலையின் தரத்தையும் காட்டும் என்பதற்கு அரோயோ செக்கோ சாலை சான்று. லாஸ் ஏஞ்சல்ஸ், பசடேனா நகரங்களை இணைக்கும் இது 1940 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. முதலில் யு.எஸ். 66 இதன் வழியே சென்றது. 1964-க்குப் பின் மாநிலச் சாலை 11. இப்போது மாநிலச் சாலை 110. தெற்கே இதன் தொடர்ச்சி மாநிலங்களிடை 110. எண் ஒன்றே, ஆனால் பழைய சாலையின் வளைவுகளும் குறுகிய நுழைவழிகளும் மாநிலங்களிடைச் சாலைக்குரிய விதிகளுக்குள் அடங்காததால், வடபகுதிக்கு மாநிலப் பலகையே கிடைத்தது.

நகரங்களிடம் ஒப்படைத்தல்

இன்று மாநிலச் சாலைகள் குறுகுவதற்கு முதன்மையான காரணம் ஒப்படைப்பு ஆகும். அருகில் விரைவுச்சாலை வந்தபின், நகரின் நடுவே செல்லும் பழைய மாநிலச் சாலையில் தொலைதூர வண்டிகள் குறைகின்றன. அது கடைத்தெருவாக மாறுகிறது. ஆனால் சட்டப்படி அது இன்னும் மாநிலத்தின் சாலை. மரம் நடவோ, நடைபாதையை அகலப்படுத்தவோ, வேகத்தைக் குறைக்கவோ நகராட்சி மாநிலத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும். மாநிலத் துறைக்கோ உள்ளூர்த் தெருவைப் பராமரிக்கும் செலவு சுமையாகிறது.

எனவே இரு தரப்பும் பேசி முடிவெடுக்கின்றன. சட்டமன்றம் அந்தத் துண்டை நீக்க அதிகாரம் அளிக்கிறது. மாநிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தருகிறது. கால்டிரான்ஸ் எனப்படும் மாநிலப் போக்குவரத்துத் துறை சாலையைச் சீர்செய்து கொடுக்கிறது, அல்லது அதற்கு ஈடான தொகையை வழங்குகிறது. அந்நாள் முதல் குழிகளை மூடுவதும் விளக்கு எரிப்பதும் வழக்குகளுக்குப் பதில் சொல்வதும் நகரின் கடமை.

கடற்கரை வழியே செல்லும் புகழ்பெற்ற மாநிலச் சாலை 1-இன் துண்டுகள் சாண்டா மோனிக்கா, ஆக்ஸ்நார்டு, நியூபோர்ட் பீச், டானா பாயிண்ட் ஆகிய நகரங்களில் இவ்வாறு ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஏட்டின்படி சாலை 1 அங்கே அறுந்து மீண்டும் தொடங்குகிறது. பயணி வழி தவறாதிருக்க, அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பலகைகளை நகரமே வைக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. சாண்டா மோனிக்கா புலவார்டு என்னும் மாநிலச் சாலை 2-இன் பகுதிகளை வெஸ்ட் ஹாலிவுட், பெவர்லி ஹில்ஸ் நகரங்கள் ஏற்றுக்கொண்டன. வெஸ்ட் ஹாலிவுட் நகரம் அதை மரங்களும் அகன்ற நடைபாதையும் கொண்ட தெருவாக மாற்றியமைத்தது.

ஒப்படைப்பில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. தெருவைத் தன் விருப்பப்படி அமைக்கும் உரிமை நகருக்குக் கிடைக்கிறது. ஒருமுறை பெற்ற தொகை தீர்ந்தபின், பராமரிப்புச் செலவு என்றென்றும் அதன் தலையில் விழுகிறது.

இடிந்த சாலையும் கட்டப்படாத சாலையும்

சான் பிரான்சிஸ்கோவில் எம்பார்கடெரோ விரைவுச்சாலை 1959-இல் திறக்கப்பட்டது. கடற்கரையை மறைத்து இரண்டு அடுக்காக எழுந்த அதைக் கண்ட மக்கள் கொதித்தனர். அவ்வாண்டே நகர மேற்பார்வையாளர் அவை, திட்டமிட்டிருந்த பத்து விரைவுச்சாலைகளில் ஏழை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. எஞ்சிய துண்டு மாநிலங்களிடை 480 என்ற தகுதியை இழந்து, மாநிலச் சாலை 480 ஆனது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தது. அதை இடித்துவிட வேண்டும் என்றார் மேயர் ஆர்ட் அக்னோஸ். வாடிக்கையாளர் வரவு குறையும் என்று அஞ்சிய சைனாடவுன் வணிகர்கள் எதிர்த்தனர். 1991-இல் இடிப்பு தொடங்கியது; அவ்வாண்டே 480 என்னும் எண் மாநிலப் பட்டியலிலிருந்து நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் அக்னோஸ் தோற்றார்.

710-இன் கதை இதற்கு மறுபக்கம். அது பசடேனா வரை செல்ல வேண்டும் என்று சட்டப் பட்டியலில் இருந்தது. அதற்காக மாநில அரசு நூற்றுக்கணக்கான வீடுகளை விலைக்கு வாங்கியது. இடையில் உள்ள சவுத் பசடேனா நகரம் பல பத்தாண்டுகள் நீதிமன்றத்திலும் மன்றங்களிலும் எதிர்த்தது. 2018-இல் சுரங்கவழித் திட்டமும் கைவிடப்பட்டது. பசடேனாவில் முன்பே தோண்டி அமைத்திருந்த வடமுனைத் துண்டு 2022-இல் அந்நகரிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டப்படாத சாலைக்கும் பட்டியலில் எண் இருக்கும். அந்த எண் இருக்கும் வரை அவ்வழியில் வீடு வைத்திருப்போருக்கு நிம்மதி இல்லை.

எண்ணுக்குப் பிறர் கற்பித்த பொருளாலும் மாற்றம் வரும். யு.எஸ். 66-இன் கிளையாக நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா மாநிலங்கள் வழியே சென்ற சாலைக்கு 666 என்று பெயர். பைபிளில் அது தீய எண்ணாகக் கருதப்படுவதால் சாலைக்கு அவப்பெயர் ஏற்பட்டது. பலகைகளும் களவு போயின. தாய்ச் சாலையான 66 ஏற்கெனவே மறைந்துவிட்டதால் எண்ணைக் காக்கவும் காரணம் இல்லை. 2003-இல் அது 491 ஆயிற்று.

எண் மாற்றத்தின் விலை

எண்ணை மாற்றுவது பலகையை மட்டும் மாற்றும் வேலை அன்று. கலிபோர்னியாவில் ஒவ்வொரு பாலமும் சிறுபாலமும் விபத்துப் பதிவும் மாவட்டம், சாலை எண், மைல் அளவு ஆகிய மூன்றாலும் குறிக்கப்படுகின்றன. 1964-ஐ ஒட்டி ஏற்பட்ட இம்முறையில், சாலையின் ஒரு பகுதி புதுவழியில் மாற்றி அமைக்கப்பட்டு நீளம் மாறினால், அதற்கு அப்பால் உள்ள மைல் அளவுகளைத் திருத்துவதில்லை. மாறிய பகுதிக்கு மட்டும் எண்ணின் முன் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்க்கின்றனர். அதுவும் மீண்டும் மாறினால் 'எம்'. எல்லாப் பதிவுகளையும் திருத்துவதைவிட ஓர் எழுத்தைச் சேர்ப்பது எளிது என்பதே காரணம்.

வரலாறு படிப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பர் 30 அன்று சோலேம் என்ற ஊரருகே கார் விபத்தில் இறந்தார். அக்காலக் குறிப்புகளில் அந்த இடம் யு.எஸ். 466-உம் மாநிலச் சாலை 41-உம் சந்திக்கும் இடம். இன்றைய வரைபடத்தில் 466-ஐத் தேடினால் கிடைக்காது. 1964-இல் அப்பகுதி மாநிலச் சாலை 46 ஆகிவிட்டது. பழைய ஆவணத்தில் சாலை எண்ணைக் கண்டால், அது எந்த ஆண்டின் எண் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் அறிவிக்கப்பட்டன. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வந்த 7, தமிழ்நாட்டில் 44 ஆனது. சென்னையிலிருந்து மும்பை செல்லும் 4, 48 ஆனது. கொல்கத்தா செல்லும் 5, 16 ஆனது. சேலம், கோவை வழியே கொச்சி செல்லும் 47-இன் பகுதி 544 ஆனது. மாநில நெடுஞ்சாலை ஒன்று தேசிய நெடுஞ்சாலையாக உயரும்போது, மைல்கல்லின் தலையில் உள்ள பச்சை நிறம் மஞ்சளாகிறது. சாலை அதுவே, பொறுப்பு மாநிலத்திடமிருந்து நடுவண் அரசுக்குச் செல்கிறது.

வகை மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்கே காட்டியது. 'தமிழ்நாடு மாநிலம் எதிர் கே. பாலு' வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என ஆணையிட்டது. நெடுஞ்சாலை என்ற சொல்லே இப்போது கடையின் இருப்பைத் தீர்மானித்தது. உடனே பல மாநிலங்கள் நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதிகளை உள்ளூர்ச் சாலைகளாக அறிவிக்க முனைந்தன. தமிழ்நாட்டில் 2017-இல் நடந்த அத்தகைய முயற்சி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. சண்டிகர் நகரின் இத்தகைய மாற்றம் பற்றிய வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இயங்கும் உரிமம் பெற்ற கடைகளுக்கு முந்தைய ஆணை தடையில்லை என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கலிபோர்னிய நகரங்கள் மரம் நடவும் நடைபாதை அமைக்கவும் சாலையைக் கேட்டுப் பெற்றன. இங்கே மதுக்கடைகளைக் காக்கச் சாலையின் வகையை மாற்ற முயன்றனர். நோக்கங்கள் வேறு, வழி ஒன்றே. ஒரு சாலையின் எண்ணோ வகையோ மாறும் செய்தி வரும்போது, இதனால் பொறுப்பு யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, அவ்வழியே வாழ்வோருக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்ற கேள்விகளைக் கேட்டால் மாற்றத்தின் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.